காய்ச்சாத மருதம்பட்டை

மூட்டை வந்து இறங்கிவிட்டால் பெரியவளை யாரும் கூப்பிடக்கூடாது. தலையில் ஒரு துணியை இறுகச் சுற்றிக்கொண்டு கடையின் பின்கட்டுக்குப் போய்விடுவாள். சாக்கைப் பிரித்ததும் முதலில் எறும்பு ஓடும், அப்புறம் பாசியும் மண்ணும் உதிரும், அதற்கும் அப்புறம்தான் மருதம்பட்டை தன் முகத்தைக் காட்டும். வெளிப்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி வெளிறி இருக்கும். திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் இளஞ்சிவப்பு. தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்து, மழுங்கிய கத்தியால் மேல்தோலைச் சுரண்டி, விரல் நீளத்துக்கு ஒடித்து, மாடியில் நிழலான பக்கமாகப் பார்த்துப் பரப்புவாள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான். ஆனால் வெயில் பட்ட பட்டை வெறும் விறகு என்பது அவள் கட்சி.

காய்ந்ததில் பாதியை இரும்பு உரலில் இடித்துச் சலிப்பாள். அந்தச் செந்தூள் இமையில் படியும், காதுமடலில் படியும், நகக்கண்ணில் ஏறினால் எந்த சோப்புக்கும் போகாது. "பெரியம்மா கை எப்பவும் மருதாணி வெச்ச மாதிரியே இருக்கு" என்று தம்பி பிள்ளைகள் சொல்லும். அவள் நிஜமாகவே கைக்கு மருதாணி வைத்துக்கொள்ள வேண்டிய வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார். தம்பி அரைக்கால் சட்டையோடு நின்றான். கடையை யாராவது திறக்க வேண்டியிருந்தது. திறந்தாள். தம்பி வளர்ந்து கல்லாவில் உட்கார்ந்தான், அவனுக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் ஆயின. இவளைப் பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. ஒவ்வொரு தடவையும் "இந்த வருஷம் போகட்டும்" என்று சொன்னதில் வருஷங்கள் போய்விட்டன. யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டில் பெரியவள் என்றால் வாடிக்கையாளர்களுக்குப் பட்டையக்கா. வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கக் கேட்டு சலவைக்காரி வருவாள். கையைக் கிழித்துக்கொண்ட தச்சர் ஆறுகிற புண்ணில் வைக்கப் பொடி கேட்பார். வயிற்றுப்போக்குக்குச் சிலர் கேட்பார்கள். ஆனால் அதிகம் பேர் கேட்பது நெஞ்சுக்குத்தான். மாடிப்படி ஏறினால் படபடப்பு, ராத்திரி புரண்டு படுத்தால் அடைப்பு என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டே கடைக்குள் வருவார்கள்.

டிரைவரும் முதல் நாள் அப்படி நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் வந்தார். மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள், வேறு ஊரில் துணி தைக்கிற கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தாள். நின்ற நிலையிலேயே இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, "உட்காரலாமா?" என்று கேட்டார்.

"சாக்குமேல உட்காருங்க. பட்டை ஒண்ணும் நொறுங்கிடாது."

"நான் நொறுங்கிடுவேனோன்னுதான் பயம்."

பெரியவள் சிரித்துவிட்டாள். கடையில் அவள் சிரிப்பது அபூர்வம். கல்லாவிலிருந்து தம்பி திரும்பிப் பார்த்தான்.

பொட்டலம் கட்டிக் கொடுத்து, தண்ணீர் எவ்வளவு வைப்பது, எந்த அளவுக்குச் சுண்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த வியாழக்கிழமை மறுபடி வந்தார்.

"குடிச்சீங்களா?"

"குடிக்காம? வேளை தவறாம."

"எப்படி இருந்துச்சு?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. கசப்புன்னா கசப்பு, அப்படி ஒரு கசப்பு. தொண்டைக்குள்ள போக மாட்டேங்குது."

பெரியவளின் கை சணல் கயிற்றிலேயே நின்றுவிட்டது. மருதம்பட்டை கசக்காது. துவர்க்கும், பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கும். ஒரு வாய் குடித்தவன்கூட அதைக் கசப்பு என்று சொல்ல மாட்டான்.

"கஷாயம் என்ன கலர்ல வந்துச்சு?" என்று கேட்டு வைத்தாள்.

"கலரா... நல்ல பச்சை."

நல்ல செம்மண் கலரில் அல்லவா வரும். மனுஷன் பொட்டலத்தையே பிரிக்கவில்லை. இது அவளுக்கு அப்போதே பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் புதுப் பொட்டலத்தைக் கட்டி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு போகாமல் சாக்கின்மேல் உட்கார்ந்து, மலைப்பாதையில் ஒரு நாள் பிரேக் பிடிக்காமல் போனதைச் சொல்ல ஆரம்பித்தார்.

அதிலிருந்து வாராவாரம் அப்படித்தான். வியாழக்கிழமை சந்தைக்கூட்டம் இராது, தம்பியும் சரக்கு பார்க்க வெளியே போய்விடுவான். டிரைவர் வருவார். கசப்பு போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறது என்பார். இந்த வாரம் வெல்லம் போட்டுப் பார்த்தேன் என்பார். பொய்க்குக் கை கால் வளர்ந்துகொண்டே போகும். அவளும் விடாமல் கேட்பாள். அப்புறம் பஸ் கதை. வளைவில் எதிரே யானை மாதிரி வந்து நின்ற மரம் ஏற்றின லாரி, கடைசி சீட்டில் பிள்ளை பெற்றுக்கொண்ட ஒருத்தி, தினமும் ஒரே நிறுத்தத்தில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்கி ஒரு வார்த்தை பேசாமலே ஓய்வு பெற்றுப் போன வாத்தியார். பெரியவள் பட்டையைச் சுரண்டிக்கொண்டே கேட்பாள். அந்த ஊரைத் தாண்டி அவள் அதிகம் போனதில்லை. ஆனால் அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. அடுப்பில் ஏறவே போகாத பட்டை என்று தெரிந்தும் அவருக்கென்று நல்ல பட்டையாகத்தான் பொறுக்குவாள். பூச்சி அரித்தது, ஓரம் கறுத்தது எதுவும் அந்தப் பொட்டலத்துக்குள் போகாது.

தம்பி மனைவிக்குக் கண் கூர்மை.

"அக்கா, உங்க டிரைவர் வர்ற நாள்ல மட்டும் தலைத்துணியை மாத்திக் கட்டுறீங்க போலிருக்கே?"

"அழுக்காயிடுச்சு, மாத்தினேன்."

"வியாழக்கிழமை வியாழக்கிழமைதான் அழுக்காகுது."

"போய் அடுப்பைப் பாரும்மா, பால் பொங்குது."

பால் பொங்கவில்லை. அது இருவருக்குமே தெரியும்.

ஒரு வியாழக்கிழமை அவர் வரவில்லை. மழை வரும்போல் மூட்டமாக இருந்தது, அதனால் இருக்கும் என்று நினைத்தாள். சாயங்காலம் வரை மழை வரவில்லை, அவரும் வரவில்லை. கட்டிவைத்த பொட்டலம் தராசுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் வீடு எங்கே என்று அவளுக்குத் தெரியாது. மலைப்பாதையில் எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் ஏறும் என்றெல்லாம் தெரியும், இருக்கிற தெரு தெரியாது. எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று அன்றைக்குத்தான் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கடை திறந்த சூட்டோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் அளவு நாடா தொங்க, அப்படியே பஸ் ஏறி வந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது. கையில் ஒரு பொட்டலம். அதைக் கல்லாவின்மேல் பொத்தென்று வைத்தாள்.

"இது உங்க கடைதானே? எங்கப்பா வாராவாரம் இங்கதான் வருவாராம், பக்கத்து வீட்ல சொன்னாங்க. அவருக்கு என்ன குடுத்தீங்க?"

தம்பிக்கு முகம் வெளுத்தது. "யாரும்மா உங்கப்பா?"

"பஸ் டிரைவர். நேத்து மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில மூச்சுக்கு மாஸ்க் போட்டு வெச்சிருக்காங்க, பேச்சு வரல. ரத்தம் உறையாம இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறவரு. நாட்டு மருந்து எதுவும் கூடவே கூடாதுன்னு டாக்டர் ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்காரு. இன்னிக்கு ரத்தக்குழாய்ல கம்பி விட்டு அடைப்பு எடுக்கணும். இந்தக் கண்றாவியைக் குடிச்சிருந்தா ரத்தம் நிக்காதாம், தள்ளிப்போடணுமாம். தள்ளிப்போட்டா தாங்குவாரான்னு தெரியலயாம். எவ்வளவு குடிச்சாருன்னு சொல்லுங்க. எனக்கு அது மட்டும் போதும்."

தம்பி பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தான். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான். "இது எங்க பொட்டலம் இல்லம்மா. ஊர்ல பட்டை விக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க."

உள்வாசலில் நின்ற தம்பி மனைவி, "ஆமா, டிரைவர்னு யாரும் இங்க வர்றதில்ல" என்றாள். சொல்லும்போது பெரியவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். போலீஸ் வரும், கடை போய்விடும், பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பார்வையில் எல்லாமே இருந்தது.

பெரியவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நம்ம கடைதான். இது நான் போட்ட முடிச்சு."

"அக்கா!" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா." அந்தப் பெண்ணைப் பார்த்தாள். டிரைவரின் அதே அகன்ற நெற்றி. "உங்கப்பா ஒரு சொட்டுகூடக் குடிக்கல கண்ணு."

"வருஷம் பூரா வாங்கியிருக்காரு. குடிக்கலன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கசக்குதுன்னு சொன்னாரு. இது கசக்காது." சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். "வாயில போட்டுப் பாரு."

அவள் வாங்கவில்லை. "விளையாடறீங்களா?"

"கஷாயம் பச்சையா வந்துச்சுன்னாரு. இது சிவப்பா வரும். வெல்லம் போட்டேன், சுக்குப் போட்டேன்னு வாரம் ஒரு கதை சொன்னாரு. காய்ச்சினவர் பேச்சு இல்ல அது."

"அப்ப அவர் குடிக்கலன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் வாராவாரம் குடுத்தீங்க. எதுக்கு?"

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். அவன் மனைவியைப் பார்த்தாள். இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் தனக்கு இது வேண்டும் என்று அவள் எதையும் சொன்னதில்லை. குரல் தனக்கே கேட்காத மாதிரி வந்தது.

"வரட்டும்னுதான்."

மாடியிலிருந்து ஒரு காக்கை கத்தியது.

அந்தப் பெண்தான் முதலில் தலையை உலுக்கிக்கொண்டாள். "இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொன்னா ஒத்துக்குவாரா? எனக்குக் கண்ணால பார்க்கணும்."

"வீட்டைத் திற. நான் வந்து காட்டறேன்."

தம்பி குறுக்கே ஏதோ சொல்ல வந்தான். அவன் மனைவி அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. இவ்வளவு பக்கமா என்று பெரியவளுக்கு மனசுக்குள் ஒரு குத்து. சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும். செங்குத்தான படி. நெஞ்சுவலிக்காரர் இதில் எப்படி ஏறி இறங்கினார்! ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஆணியில் தொங்கும் காக்கிச் சட்டை, பாதி ரொட்டி மூடிவைத்த தட்டு. பெரியவள் எதையும் நின்று பார்க்கவில்லை. நேரே சமையல் மூலைக்குப் போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"பட்டை ஒரு தடவை கொதிச்சாலும் பாத்திரம் சிவந்துடும். எவ்வளவு தேய்ச்சாலும் அடியில ஒரு வளையம் நிக்கும். பாரு, எங்க வீட்டுச் சட்டியில மூஞ்சியே தெரியாது. இதெல்லாம் பளிச்சுனு இருக்கு."

மகளும் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். "அப்ப பொட்டலமெல்லாம் எங்க? அடுப்புப் பக்கத்துல கிடந்தது இது ஒண்ணுதான்."

கட்டிலுக்கடியில் இல்லை. அலமாரியில் அவள் அம்மாவின் துணிகள் மடித்தபடியே இருந்தன, அங்கேயும் இல்லை. கடைசியில் பரணில் ஒரு தகரப்பெட்டி தெரிந்தது. வெளியூர் சர்வீஸ் போகும்போது அவர் எடுத்துக்கொண்டு போகிற பெட்டி. நாற்காலியைப் போட்டு ஏறி மகள் அதை இறக்கினாள். மூடியைத் திறந்ததும் காய்ந்த பட்டையின் மணம் அறை முழுக்கப் பரவியது.

உள்ளே பொட்டலங்கள். வரிசை வரிசையாக, ஒன்றையொன்று இடிக்காமல், பயணிகளை உட்காரவைத்த மாதிரி அடுக்கியிருந்தது. ஒரு முடிச்சுகூடப் பிரியவில்லை.

மகள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சட்டென்று போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். "குடிக்கலங்க. ஒண்ணுகூடக் குடிக்கல. எல்லாம் இங்கேயே இருக்கு, கட்டுப் பிரிக்காம இருக்கு. நீங்க ஆரம்பிங்க, நான் வந்துட்டே இருக்கேன்." போனை வைத்த பின்பும் எழுந்திருக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா போனப்புறம் போன்ல நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. சாப்பிட்டியா, பசங்க நல்லா இருக்காங்களா, வெச்சுடறேன். அவ்வளவுதான். உங்ககிட்ட என்ன பேசுவாரு?"

"பஸ் ஓட்டினதைப் பத்திப் பேசுவாரு."

"எங்ககிட்ட ஒரு நாளும் பஸ்ஸைப் பத்திப் பேசினதில்ல."

"கேட்டிருக்க மாட்டீங்க கண்ணு. வேலைக்குப் போறவங்களுக்கு நேரம் ஏது. எனக்குக் கை மட்டும்தான் வேலை பண்ணும், காது சும்மாதானே இருக்கு."

அந்தப் பெண் அழுதாள். பெரியவளுக்கு யாரையும் தட்டிக்கொடுத்துப் பழக்கமில்லை. தயங்கித் தயங்கித் தோளில் கை வைத்தாள். வெள்ளைச் சட்டையில் சிவப்பாக நாலு விரல் பதிந்துவிட்டது. "ஐயையோ" என்று துடைக்கப் போனாள். "இருக்கட்டும், விடுங்க" என்றாள் மகள்.

அன்றைக்கே கம்பி விட்டு அடைப்பை எடுத்தார்கள். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் இருவரும் வார்டு வாசலில் நின்றார்கள். காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"சொந்தக்காரங்க மட்டும்தான். அதுலயும் ஒருத்தர்தான். நீங்க யாரு?"

"நான் மகள்."

"அவங்க?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். பட்டைக் கடை என்பதா, தெரிந்தவள் என்பதா? எதைச் சொன்னாலும் கொஞ்சம் பொய்யாக இருந்தது.

"வேண்டியவங்க" என்றாள் மகள். "அவங்களே போகட்டும். நான் அப்புறமா பார்த்துக்கறேன்."

மாஸ்க்கைக் கழற்றியிருந்தார்கள். முகம் சின்னதாகிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"அசையாதீங்க."

கல்லாவோ தராசோ நடுவில் இல்லாமல் அவர் பக்கத்தில் அவள் இருந்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் அவர். குரல் கரகரத்தது. "அந்தப் பட்டையை நான்..."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"கசப்புன்னு சொன்னீங்களே, அன்னிலேருந்து."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணுக்குக் கீழே சிரிப்பு மெல்ல ஏறியது. "அப்ப வெல்லம் போட்டேன்னது?"

"அதுவும்தான்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் குடுத்தீங்க?"

"குடிக்காதவரு ஏன் வாங்கினீங்க?"

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். மணி அடிக்கிறவரை அவள் அங்கேயே நின்றாள்.

அந்தப் படியில் இனி அவர் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியாக இருப்பதும் ஆகாது. மகள் தன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போனாள். போகிற அன்று வாடகைக் கார் கடை வாசலில் நின்றது. தலைத்துணியும் தூளுமாகப் பெரியவள் ஓடிவந்தாள். இறக்கின கண்ணாடி வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது.

"மாத்திரையை மறக்காதீங்க" என்றாள்.

"ம்."

"மெதுவா நடங்க."

"ம். நீங்க..." என்று ஆரம்பித்தார். ஹாரன் மறுபடியும் அலறியது. கார் நகர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் பெரியவள் வழக்கம்போலத்தான் இருந்தாள். மூட்டை வந்தது, சுரண்டினாள், இடித்தாள், சலித்தாள். சலவைக்காரி வந்தாள், தச்சர் வந்தார். யாராவது வாசலில் நிழலாடினால் தலை தானாக நிமிரும், அப்புறம் தானாகக் குனியும். அவர் சொல்ல வந்தது என்னவாக இருக்கும் என்று உரலில் ஒவ்வொரு இடிக்கும் ஒன்றாக யோசித்துப் பார்ப்பாள். நீங்க நல்லா இருங்க. நீங்க வருவீங்களா. நீங்க இல்லாம. அதற்குமேல் யோசிக்க வெட்கமாக இருக்கும். இடியின் வேகம் கூடிவிடும்.

சில நாள் மகள் போன் செய்வாள். "நல்லா இருக்காரு, நடக்கறாரு." அப்புறம் போனை அவரிடம் கொடுப்பாள். அவர், "சாப்பிட்டீங்களா? கடை எப்படி? வெச்சுடறேன்" என்பார். நேரில் மலையே ஏறி இறங்குகிற மனுஷனுக்குப் போனில் ஒரு மேடுகூட ஏற வரவில்லை. வைத்த பிறகும் அவள் போனைக் காதிலேயே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மத்தியானம் திடீரென்று காற்று எழும்பியது. மாடியில் காய்ந்ததை வாரிக் கூடையில் போடப் பெரியவள் ஓடினாள். தம்பி மனைவியும் கூடவே வந்தாள். தூள் ஒத்துக்கொள்ளாது என்று அவள் பட்டையைத் தொட்டதே இல்லை. தும்மிக்கொண்டே அள்ளினாள். முதல் தூறல் விழும்போது இருவரும் கூடையோடு படிக்கட்டில் ஒதுங்கி நின்றார்கள்.

"அக்கா, ஒரு தடவை போயிட்டுத்தான் வாங்களேன்."

"எங்க?"

"எங்கன்னு நான் சொல்லணுமாக்கும்."

"என்னன்னு சொல்லிக்கிட்டுப் போறது?"

"இத்தனை வருஷம் எங்களுக்காக நின்னதுக்கு என்ன சொல்லிக்கிட்டு நின்னீங்க? ஒண்ணும் சொல்லலல்ல? அதே மாதிரி ஒண்ணும் சொல்லாம போங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நான் பொய் சொன்னேன்ல, அதுலேருந்து எனக்கே ஒரு மாதிரி இருக்கு. கடையை நான் பார்த்துக்கறேன்."

ராத்திரி சாப்பாட்டின்போது பெரியவள் தம்பியிடம், "நாளைக்கு நான் ஊருக்குப் போறேன்டா" என்றாள். அவன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "எப்போ வருவேக்கா?" என்று கடைசியாகக் கேட்டான். கடைக்காக அவன் கேட்கவில்லை. சின்னப் பையனாக இருக்கையில் அவள் தண்ணீருக்குப் போகும்போது கேட்பானே, அந்தக் குரல் அது. "வருவேன்டா. ஆனா இன்னிக்கு நாளைக்குன்னு என்னைக் கேக்காதே" என்றாள்.

இரண்டு பஸ் மாறி, கேட்டுக் கேட்டு அந்தத் தெருவைக் கண்டுபிடித்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வருகிறாள் என்று மகளிடம் போனில் சொல்லியாகிவிட்டது. வீட்டு எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. எதிர்வரிசையில், தரைத்தள வீட்டு வாசலில் நாற்காலி போட்டு டிரைவர் உட்கார்ந்திருந்தார். தலையைப் படிய வாரி, சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டோ திரும்பியதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அது தாண்டிப் போனதும் உட்கார்ந்தார். மகள் உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பார்வையை எடுக்கவில்லை.

பெரியவள் மறுபக்கமாக, குறுக்குச் சந்து வழியாக வந்திருந்தாள். ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு வண்டி திரும்பியது, அவர் மறுபடியும் பாதி எழுந்தார். தனக்காக ஒருவர் இப்படி எழுந்து உட்கார்வதை அவள் அன்றுவரை பார்த்ததில்லை. கூப்பிட்டால் அது முடிந்துவிடும். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு வண்டி போகட்டும் என்று நின்றாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் தள்ளுவண்டிக்காரர்.

"ஒண்ணும் வேணாங்க" என்று சொல்லிவிட்டு அவள் தெருவைக் கடந்தாள்.